பேத்தி அனுப்பிய பன்மைகள்

ஜனவரி 8

ஓட்டைவாய்க்கு,

பாட்டி எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் இன்னும் என் பேச்சைக் கேட்கிறது. உன் அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. விடுதியில் உனக்கு வெந்நீர் தருகிறார்களா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எழுது.

உன் அம்மா போனை என் காதில் வைத்து அழுத்தி, "பேசும்மா, உன் பேத்திதான்" என்றாள். நான் பேசவில்லை. அதற்காக நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. போனில் வருகிற குரலை நம்புவதை விட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது. காகிதத்தில் பொய் சொன்னாலும் காகிதம் கையில் இருக்கும். நாளைக்கே எடுத்து நீட்டி, "இது யார் எழுத்து?" என்று கேட்கலாம்.

அதனால் காகிதத்தில் கேட்கிறேன். அரபுப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொன்றாமே? மற்றதெல்லாம் வருகிறது, ஒன்றைப் பலவாக்குகிற இடத்தில்தான் கவிழ்ந்தாய் என்று உன் அம்மா சொன்னாள். ஜூனில் பெரிய பரீட்சை, அதில் தேறினால்தான் இப்போது பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரியில் உன்னை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். நோயாளி சொல்வதை டாக்டரிடமும் டாக்டர் சொல்வதை நோயாளியிடமும் சொல்கிற வேலை. ஓட்டைவாய்க்கென்றே செய்துவைத்த வேலை. அதையும் கோட்டை விட்டுவிடாதே.

நான் மூணாங்கிளாஸ். ஆனால் பஸ் ஸ்டாண்டு சாமான் அறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள். பயணிகள் வைத்துவிட்டுப் போகிற மூட்டைக்குத் தகர வில்லை கொடுப்போம். வில்லையைத் தொலைக்காத ஆள் உண்டா? முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு மூட்டை மாறினது கிடையாது. பத்துப் பத்து வார்த்தையாக எனக்கு எழுதி அனுப்பு. நான் எப்படி ஞாபகம் வைக்கிறேன் என்று உனக்குச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி

*

ஜனவரி 19

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் முழங்காலுக்கு என் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். வெந்நீர் தருகிறார்கள், வரிசையில் முதல் மூன்று பேருக்கு மட்டும்.

சிரிக்காமல் படியுங்கள். அரபில் சில வார்த்தைகள் நல்ல பிள்ளைகள். வாலில் ஒன்றை ஒட்டினால் போதும். முமர்ரிழா என்றால் ஒரு நர்ஸ், முமர்ரிழாத் என்றால் நிறைய நர்ஸ்கள். ஆண்களுக்கு வேறு வால்: முஅல்லிம் ஒரு வாத்தியார், முஅல்லிமூன் பல வாத்தியார்கள். சரியாக இரண்டு மட்டும் என்றால் அதற்குத் தனி வால். பைத் ஒரு வீடு, பைதான் இரண்டு வீடு.

தொல்லை இதற்குப் பிறகுதான். பாதிக்கு மேல் வார்த்தைகளுக்கு வாலே ஒட்டாது. உள்ளுக்குள்ளேயே உடைந்து வேறு உருவம் எடுக்கும். உடைந்த பன்மை என்றே அதற்குப் பெயர். எது எப்படி உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, மனப்பாடம்தான் என்கிறார் எங்கள் ஆசிரியர். இதோ பத்து:

புத்தகம்: கிதாப், குதுப். கதவு: பாப், அப்வாப். சாவி: மிஃப்தாஹ், மஃபாதீஹ். டாக்டர்: தபீப், அதிப்பா. ஆண்: ரஜுல், ரிஜால். பிள்ளை: வலத், அவ்லாத். வீடு: பைத், புயூத். இதயம்: கல்ப், குலூப். பெண்பிள்ளை, மகள்: பின்த், பனாத். கடைசியாகப் பெண்: ஒருத்தி என்றால் இம்ரஆ, பலர் என்றால் நிஸா. இரண்டுக்கும் ஓர் எழுத்துக்கூட ஒட்டு உறவு தெரியவில்லை, பாருங்கள்.

பாட்டி, இன்னொன்று. எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தியைப் பார்த்தேன். சின்ன வயதில் பார்த்தது, ஆனாலும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. "அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்துத் தெருவில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார்களாம். தனியாகத்தான் இருக்கிறார்கள். நீங்கள் இரண்டு வரி எழுதினால் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கோபிக்காதீர்கள்.

உங்கள் பேத்தி

*

ஜனவரி 30

ஓட்டைவாய்க்கு,

நலம். நீ முதல் மூன்று பேரில் ஒருத்தியாக எழுந்திருக்கப் பழகு.

உன் வாத்தியார் சொன்னது சரி. ஆளைப் பார்த்துச் சாமானைச் சொல்ல முடியாது. கோட்டுப் போட்டவன் கோணியைக் கட்டிக்கொண்டு வருவான், செருப்பில்லாதவன் தோல்பெட்டி வைப்பான். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு எனக்கு ஒரு வழி இருக்கிறது. எனக்குக் கெடுதல் செய்தவர்களை நான் மறந்ததே கிடையாது. ஒவ்வொரு வார்த்தையையும் அவர்களில் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டேன். இனி அது எங்கே போகும்?

குதுப்பைக் கொண்டுபோய் என் மூணாங்கிளாஸ் டீச்சரிடம் கொடுத்தேன். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம், தம்பியைத் தூக்கிவெச்சுக்கிட்டு வீட்லயே இரு" என்றவள். அப்வாப், நம் வீட்டு வாசல்கதவைக் குட்டையாகப் போட்ட தச்சன். உன் தாத்தா அந்த வீட்டில் நாற்பது வருஷம் குனிந்தே நுழைந்தார். மஃபாதீஹ் எங்கள் சூப்பிரண்டுக்கு. சாவிக்கொத்தை நான் தொலைத்தேன் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு, அதைத் தன் கோட்டுப் பையிலிருந்தே எடுத்த மகான். நிஸா என் மாமியாருக்கும் அவர் தங்கைகளுக்கும். தனியாக இருந்தால் ஒருத்தி, கூடினால் அடையாளமே தெரியாது. அந்த பாஷைக்காரர்கள் உலகம் தெரிந்தவர்கள். அதிப்பா யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கும்போது அவளிடம் சொல்லாமல் பெண்ணிடம் சொன்ன டாக்டருக்கு.

இப்படி ஒன்பதை அடுக்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். பத்தாவதை வைக்கவில்லை. மகளுக்குச் சொன்னாயே, அதை. எனக்கு இருப்பது ஒருத்தி. ஒருத்திக்குப் பன்மை எதற்கு?

நீ எடுத்த பேச்சு உனக்குச் சரியாகத் தெரியாது, அதனால் ஒரு தடவை எழுதுகிறேன். மார்ச் பதினொன்று. உன் தாத்தா ஆஸ்பத்திரியில் படுத்து ஆறாம் நாள். இரண்டு நாள் தாங்காது என்று டாக்டர் காலையிலேயே அவளிடம் சொல்லியாயிற்று. அவள் சூப்பிரண்டு மேசைக்குப் போன் போட்டு என்னிடம் சொன்னது: "அப்பா நல்லா இருக்காரும்மா. நாலு நாள்ல சரியாயிடும். நீ வேலையை முடிச்சிட்டு நிதானமா வா." நான் நிதானமாக இருந்தேன். அன்று சாயங்காலம் நாலு பத்துக்கு ஒரு தையல்காரருக்கு அவர் மிஷினைத் தூக்கிக் கொடுத்து, "பார்த்துப் போங்க, கனமா இருக்கு" என்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உன் தாத்தா போனார். ஊரார் சாமானையெல்லாம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன். என்னுடையதை என்னிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டாள்.

என் வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். மிதிக்கவில்லை. அவ்வளவுதான். இரண்டு வரியும் கிடையாது, அரை வரியும் கிடையாது.

அடுத்த பத்தை அனுப்பு. குளிரில் வெறும் தரையில் படுக்காதே.

பாட்டி

*

பிப்ரவரி 17

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? அம்மா மாத்திரையை மறக்காமல் தருகிறாளா? நான் நலம், அதைவிட முக்கியம்: அறுபத்தெட்டு! வாத்தியார் நம்பவில்லை. "யார்கிட்ட டியூஷன்?" என்று கேட்டார். ஒரு சூப்பிரண்டிடம், ஒரு தச்சனிடம், ஒரு மாமியாரிடம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இந்தத் தடவை குணம் சொல்கிற வார்த்தைகள். மனிதர்கள் பலர் என்றால் குணமும் பன்மையாகும். பெரியவர் கபீர், பெரியவர்கள் கிபார். சிறியவர் ஸகீர், ஸிகார். உயரமானவர் தவீல், திவால். கஞ்சன் பகீல், புகலா. நோயாளி மரீழ், மர்ழா. ஆனால் மனிதரல்லாத பொருள்கள் பல இருந்தால் கதை வேறு. அந்தக் கும்பல் முழுவதற்கும், ஒரே ஒரு பெண்ணுக்குச் சொல்வதுபோலத்தான் குணம் சொல்ல வேண்டும். நூறு பெரிய வீடுகள் இருந்தாலும் புயூத் கபீரா. இதை எழுதும்போதே நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டது.

வேலையில் ஒன்று நடந்தது. வயதான அரபுக்காரர் ஒருவர், அவரோடு மகன். டாக்டர் உள்ளே வருவதற்கு முன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட கெட்ட செய்தியைச் சொல்லிடாதே, வேற ஏதாவது சொல்லு" என்று கெஞ்சினார். எங்கள் மேற்பார்வையாளர் அம்மா அவரை வெளியே கூட்டிப்போய், "இந்தப் பொண்ணு காதுல விழுந்ததை வாயால சொல்லுவா. கூட்ட மாட்டா, குறைக்க மாட்டா" என்றார். நானும் அப்படியே சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். மகன்தான் சுவரில் சாய்ந்துவிட்டார்.

சித்தி செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சும்மா, என்னைப் பார்க்கத்தான். சித்திக்கு உங்கள் மூக்கு.

உங்கள் பேத்தி

*

மார்ச் 1

ஓட்டைவாய்க்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் அம்மா மாத்திரையைத் தருகிறாள், கூடவே ஒரு மணி நேர உபதேசமும் தருகிறாள்.

அறுபத்தெட்டு போதாது. எண்பது வாங்கு.

கும்பல் முழுவதையும் ஒரு பெண்பிள்ளை கணக்கில் எழுதுவதற்கு அந்த பாஷைக்காரர்கள் எந்த வீட்டைப் பார்த்தார்களோ. எங்கள் வீட்டில் பாத்திரம், துணி, விறகு, கடிகாரம் எது கெட்டாலும் ஒருத்தியைத்தான் கேட்பார்கள். புகலாவை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உன் தாத்தாவின் அண்ணன். கல்யாணப் பரிசாகக் கொடுத்த குடையை மழை வந்ததும் திரும்ப வாங்கிப் போனவர். திவால், என்னைவிட ஒரு சாண் உயரம் என்பதற்காக மேல் தட்டு எனக்கு எட்டாது என்று எழுதிக்கொடுத்து என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த கூட்டாளி. முக்காலி போட்டு ஏறி முப்பத்தொரு வருஷம் எட்டினேன். அவள் இரண்டு வருஷத்தில் போய்விட்டாள்.

மரீழ், மர்ழா இரண்டையும் இன்னும் யார் தலையிலும் ஏற்றவில்லை.

ஒன்று கேட்கிறேன். கேட்கவில்லை, சொல்கிறேன். என் சாமான் அறைக்கு முப்பத்தொரு வருஷத்தில் சும்மா வந்தவர் ஒருவர் கிடையாது. வைக்க வருவார்கள், எடுக்க வருவார்கள். வாராவாரம் ஒரே கிழமையில் ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்குச் சும்மா வருவாளா?

அது எனக்கு எதற்கு. யாரோ எங்கேயோ போகிறார்கள்.

பதிலைத் தாமதிக்காதே.

பாட்டி

*

மார்ச் 29

அன்புள்ள பாட்டிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம். நான் நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

இந்தத் தடவை பத்து வார்த்தை எழுத நேரமில்லை, மூன்றுதான். நாள்: யவ்ம், அய்யாம். மருந்து: தவா, அத்வியா. புதியவர்: ஜதீத், ஜுதுத்.

சித்தியைப் பற்றி ஒன்றும் கவலைப்பட வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறார்கள். லேசான களைப்பு, நாலு நாளில் சரியாகிவிடும்.

பரீட்சைக்குப் படிக்க வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி

*

ஏப்ரல் 3

அடியே,

நான் நலமா என்று பிறகு பார்க்கலாம்.

நான் கவலைப்படுகிறேன் என்று யார் சொன்னது? கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? அதுவும் எந்தப் பதில்! நாலு நாளில் சரியாகிவிடும். அந்த நாலு நாள் எனக்குத் தெரியும்டி. பதினாலு வருஷமாகத் தெரியும். அதை நீயாக எழுதவில்லை. அவள் சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய்.

நாலு வயதில் சர்க்கரையைத் தின்றுவிட்டு, நான் கேட்கும் முன்பே, "நான் சர்க்கரை தின்னலை பாட்டி" என்று ஓடிவந்து சொன்னவள் நீ. உனக்குப் பொய் வராது. இப்போதும் வரவில்லை. இருபத்தெட்டு நாள் மூச்சில்லாமல் இருந்துவிட்டு மூன்று வார்த்தையோடு வந்து நிற்கிறாய்.

அந்த அரபுக்காரக் கிழவரிடம் உண்மையைச் சொன்னாயே. அவர் யார் உனக்கு? நான் யார்?

கேட்க மாட்டேன் என்று இருந்தேன். கேட்டுவிட்டேன். அவளுக்கு என்ன? கூட்டாதே, குறைக்காதே.

பாட்டி

*

ஏப்ரல் 9

பாட்டிக்கு,

வயிற்றில் கட்டி. எட்டு மாதமாகிறது. செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றுகிற நாள். நான் வராந்தாவில் பார்த்த அன்றும் அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கட்டி சுருங்கியது. பிப்ரவரிக்குப் பிறகு மருந்து கேட்கவில்லை. இப்போது வார்டில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் வாரக்கணக்கு சொல்கிறார். மாதக்கணக்கு இல்லை.

விடுதியை விட்டுப் பிப்ரவரியிலேயே சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. இரண்டு பேரிடமும் மறைத்தேன்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். "நோயாளியா போய் அம்மா வாசல்ல நிக்க மாட்டேன். பாவம்னு மன்னிக்கிற ஆள் இல்ல எங்கம்மா. அப்படி மன்னிச்சா எனக்கும் வேணாம். எழுந்து நடக்கிறப்போ போறேன்" என்றார்கள். அந்த நாலு நாளைச் சொல்லச் சொன்னதும் சித்திதான். எழுதும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை பாட்டி. தபாலில் போட்ட பிறகு உங்கள் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதே நாலு நாள் அதில் இருந்தது.

அன்றைக்கு ஏன் தாத்தா விஷயத்தைச் சொல்லவில்லை என்று நான் சித்தியிடமே கேட்டேன். ஏதாவது காரணம் இருக்கும், தாத்தாவே வேண்டாம் என்றிருப்பார் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லையாம். "சொன்னா அது நிஜமாயிடும்னு பயந்துட்டேன். போனை எடுத்தேன், அம்மா குரல் கேட்டுச்சு, வாய்க்கு வேற வார்த்தை வந்துடுச்சு. வெச்சதுக்கப்புறம் திரும்பப் பண்ணலாம்னு ரெண்டு தடவை எண்ணைச் சுத்தினேன். பாதியில வெச்சுட்டேன்." இவ்வளவுதான் சொன்னார்கள். அப்போது சித்திக்கு இருபத்தைந்து வயது. இப்போது எனக்கு இருபத்துநாலு. நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

வாருங்கள் பாட்டி. நான் கேட்கிறேன், சித்தி கேட்கவில்லை.

உங்கள் பேத்தி

*

ஏப்ரல் 13

ஓட்டைவாய்க்கு,

உன் கடிதம் இன்று காலை பதினோரு மணிக்கு வந்தது. பதினைந்தாம் தேதி காலை பஸ்ஸில் உன் அம்மாவும் நானும் வருகிறோம். மத்தியானம் இறங்குவோம். இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. உன் அம்மா போன் போடட்டும், எனக்கு அதில் வேலையில்லை.

நான் வருவதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. திடீரென்று போய் நிற்க மாட்டேன். ஒருத்தியிடம் சொல்லாமல் எதையும் செய்யக்கூடாது.

மன்னிக்க வரவில்லை, பார்க்க வருகிறேன் என்றும் சொல்.

உன் பத்தாவது வார்த்தையை, இந்தக் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எடுத்து வைத்தாயிற்று. பனாத், மகள்கள். யார் தலையிலும் ஏற்றவில்லை, தானே நின்றுகொண்டது.

அவளுக்குச் சின்ன வயதில் மெத்தென்ற தலையணை ஆகாது, கழுத்து வலிக்கும் என்பாள். ஆஸ்பத்திரித் தலையணை எப்படியோ. அந்த நர்ஸம்மாக்களிடம் கேள்.

பாட்டி

*

மே 24

அன்புள்ள பாட்டிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொல்கிறாள். நான் எழுதின இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. முதலாவதில் இருபது வார்த்தை இருந்தது. அதிகம் என்று திட்டியாவது எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

சித்தியின் வீட்டைக் காலி செய்துவிட்டேன். கண்ணாடிக் கடை முதலாளி வந்து, சித்தி உட்காரும் நாற்காலியை வேறு யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். துணிகளை அம்மா சொன்னபடி வார்டிலேயே கொடுத்துவிட்டேன். பரீட்சை ஜூன் ஒன்பது.

பாட்டி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் வந்த அன்று மத்தியானம், நானும் அம்மாவும் மருந்து வாங்கக் கீழே போனபோது நீங்களும் சித்தியும் மட்டும் இருந்தீர்கள். நாங்கள் திரும்பி வந்தபோது சித்தி சிரித்தபடி படுத்திருந்தார்கள். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சித்தி போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் உங்களிடம் மறைத்ததற்காகத்தான் இந்தக் கோபம் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்றால் எந்த வார்த்தையோடு என்றாவது எழுதுங்கள்.

உங்கள் பேத்தி

*

ஜூன் 2

ஓட்டைவாய்க்கு,

உயிரோடு இருக்கிறேன். சாப்பிடவும் செய்கிறேன், உன் அம்மா மிகைப்படுத்துவாள்.

நீ பட்டியலில் இல்லை. சத்தியத்தை உடைத்து எழுதினாயே, அதனால்தான் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு நாள் தாமதித்திருந்தால் அதுவும் கிடையாது. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். நீ இப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ அனுப்பின இருபது வார்த்தையையும் படித்தேன். ஒன்றும் நிற்கவில்லை. இந்தப் பரீட்சையை நீயே பார்த்துக்கொள். உனக்கு இப்போது நான் வேண்டியதில்லை.

அன்று மத்தியானத்தைக் கேட்டாய். வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் காட்டாதே.

நீங்கள் கீழே போனதும் அவள், "ஏம்மா, இன்னும் இந்தச் செருப்பைத்தான் போடறியா?" என்றாள். "நல்லாத்தானே இருக்கு" என்றேன். தலையணையைத் தட்டிச் சரிசெய்தேன். கை குச்சியாக இருந்தது. மூக்கு மட்டும்தான் பழையபடி இருந்தது. கொஞ்ச நேரம் முழங்காலைப் பற்றிப் பேசினோம். பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டியதைப் பற்றிப் பேசினோம். பிறகு அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, எம்மேல கோவம் போயிடுச்சா?"

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்தது. வாய் வரை வந்தது. ஆனால் கோபம் உள்ளே அப்படியே இருந்தது. பதினாலு வருஷம் சோறு போட்டு வளர்த்த கோபம், ஒரு பஸ் பயணத்தில் இறங்கிவிடுமா? போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன், அப்போதும் கோபம் இருந்தது. என்னிடம் பொய் சொன்னவளிடம் நான் எப்படிப் பொய் சொல்வேன்? "இன்னும் போகலை" என்றேன்.

அவள் சிரித்தாள். "பரவாயில்லம்மா. நீயாவது நிஜத்தைச் சொன்னியே" என்றாள். நீங்கள் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான். என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சிரித்தாளா, நிஜமாகவே சிரித்தாளா என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் முகத்தைப் பார்த்தே பிழைத்தவளுக்கு அந்த முகம் தெரியவில்லை.

மறுநாள் காலை எல்லாம் முடிந்த பிறகு, அந்தக் குண்டு நர்ஸ் அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி, யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அது ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டேன். அப்போது தேடினேன், கோபம் இல்லை. எந்த மூலையிலும் இல்லை. ஒரு ராத்திரியில் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. போவதாக இருந்தால் ஒரு நாள் முந்திப் போயிருக்கக் கூடாதா.

நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இதையேதான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். "போயிடுச்சுடி" என்று சொல்லியிருந்தால் என்ன? அது பொய் இல்லை. ஒரு நாள் முன்னாடி சொன்ன நிஜம், அவ்வளவுதான்.

ஒன்பதாம் தேதி காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போ. குடையை எடுத்துக்கொள்.

பாட்டி